எதுவும் சுற்றாத சந்து

றம்ஸீன் தன் பழைய ஜீப்பின் எஞ்சினிலிருந்து சுழல்தண்டான கிராங்கைக் கழற்றி எடுத்த வியாழக்கிழமையிலிருந்து அலுவிகாரையில் அவருடைய சந்தில் எதுவும் சுற்றவில்லை. மின்விசிறிகள் நின்றன, சுவர்க் கடிகாரங்கள் நின்றன, பூட்டில் சாவி திரும்பவில்லை. திறந்திருந்த குழாய் ஓடிக்கொண்டே இருந்தது, மூடியிருந்தது மூடியே கிடந்தது. த்ரீவீல்கள் சந்து முனையோடு நின்றுவிட, மிளகு மூட்டைகளைத் தலையில் சுமந்தார்கள். படுக்கும் முன் ஒரு சுற்றுச் சுற்றிப் பழகிய நாய், படுக்க வழியில்லாமல் நின்றபடியே தூங்கியது. சனங்கள் இரண்டு நாள் வியந்தார்கள். கரண்ட் கட்டுக்குப் பழகிய ஊர்தானே, பிறகு இதற்கும் பழகிக்கொண்டார்கள்.

பழக முடியாதவள் றம்ஸீனின் மனைவி ஹிதாயா ஒருத்திதான். அவளுக்கு நிறைமாதம். வயிற்றில் பிள்ளை தலை மேலாக உட்கார்ந்திருந்தது. திரும்ப வேண்டிய காலம் வந்தும் திரும்பவில்லை. பல்லேபொலவில் தாய்வீட்டுக்குப் போய் இருந்து பார்த்தாள். அங்கே மின்விசிறி சுற்றியது, பிள்ளை சுற்றவில்லை. அது இந்தச் சந்துப் பிள்ளை என்று வீட்டுக்கே வந்துவிட்டாள். முதல் பிரசவத்து ஆபரேஷனில் ரத்தம் போய் அவள் பிழைத்ததே பெரும்பாடு. இன்னொன்றை அவள் தாங்குவாளா என்று ஆஸ்பத்திரியில் யாரும் உறுதியாகச் சொல்லவில்லை. ஆனாலும் திங்கட்கிழமைக்கு நாள் குறித்துவிட்டார்கள். "ஜீப்ப முடிங்க, புள்ள தானாத் திரும்பும்," என்றாள் கணவனிடம். அதில் யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

கிராங்க் என்ன, லேசில் முடிகிற வேலையா? தேய்ந்த இடங்களைக் கண்டியில் கிரைண்ட் செய்து மெல்லியதாக்கினார்கள். அதற்கேற்ற தடித்த பெயாரிங் வாரக்கணக்கில் எங்கும் கிடைக்காமல், கடைசியில் நாலந்தாவில் ஒரு வீட்டுக் கதவுக்கு முட்டுக்கொடுத்திருந்த பெட்டிக்குள் அகப்பட்டது. சந்துக்குள் நட்டும் சுற்றாது. எனவே ஞாயிறு காலை எஞ்சினைக் கம்பில் கட்டி மெயின் ரோட்டோரம் தூக்கிவந்து, தார்ப்பாய்க்குக் கீழே வைத்து வேலையைத் தொடங்கினார்கள். றம்ஸீன் கிராங்கை உட்கார வைத்தார். நான்கு பிஸ்டன் தண்டுகள், ஒவ்வொன்றுக்கும் அதனதன் மூடிதான் பொருந்தும். கூட்டாளி உதயராஜ் கழற்றும்போது றம்ஸீன் மூடிகளில் குத்தியிருந்த புள்ளிகளை எண்ணிப் பார்த்து, ஒன்று முதல் நாலு வரை வரிசையாக மாட்டி இறுக்கினான். கிராங்க் அசையவில்லை.

உதயராஜ் ஒரு நீளக் குழாயை எடுத்து ஸ்பானரில் செருகினான். "ஒரே இழுவ, சுத்திடும் நானா."

"இழுத்தாக் கீறிரும். கீறினாத் திரும்பக் கண்டிக்கி. நாளைக்கி அவ..." றம்ஸீனுக்குப் பயம் பிடித்துவிட்டது. அதை மறைக்கவும் தெரியவில்லை. மூடிகளைத் தடவிப் பார்த்தவர் சட்டென்று கேட்டார்: "ஒண்ண எந்தப் பக்கமிருந்து போட்ட?"

"ரேடியேட்டர் பக்கமிருந்து. இடப்பக்கந்தானே எல்லாரும் தொடங்குவாங்க?"

றம்ஸீன் தலையில் கைவைத்தார். சிறுவயதில் மத்ரஸாவில் வலமிருந்து இடமாக எழுதிப் பழகிய கை, மூடிகளுக்கும் வலமிருந்தே புள்ளி குத்தியிருந்தது. "யா அல்லாஹ்! என்ட ஒண்ணு ஒன்ட நாலு!"

எல்லாவற்றையும் கழற்றி, மாற்றிப் பூட்டினார்கள். றம்ஸீன் பிஸ்மி சொல்லி ஒரு விரலால் தள்ளினார். கிராங்க் சுற்றியது. சந்து முழுக்க மின்விசிறிகள் ஒன்றாகப் புறப்பட்டன. நாய் ஒரு சுற்றுச் சுற்றிப் பொத்தென்று படுத்தது. முதல் வீட்டிலிருந்து ஹிதாயாவின் அலறல் கேட்டது. றம்ஸீன் ஸ்பானரைப் போட்டுவிட்டு ஓடினார். அவள் வயிற்றை இரு கையாலும் பிடித்துக்கொண்டு அழுகையும் சிரிப்புமாக இருந்தாள். "திரும்பிருச்சி," என்றாள். றம்ஸீன் கிரீஸ் கையோடு வாசற்படியில் உட்கார்ந்து அழுதார்.

ஆபரேஷன் நடக்கவில்லை. பெண் பிள்ளை, பெயர் அம்றா. இப்போது அந்தச் சந்துக்குக் கர்ப்பிணிகளைப் பார்க்க வரும் மிட்வைஃப் சந்திரகாந்தா, வயிற்றில் கை வைக்குமுன், "ஜீப் ஓடுதா?" என்று கேட்கிறார். ஓடுது என்றால்தான் அடுத்த கேள்வி.