இரண்டு அங்குலக் கம்பி

மின்வாரிய அதிகாரி வருவார் என்று சொல்லி மூன்று நாளாயிற்று. மில்காரம்மா எரிந்த மோட்டாரைத் துணியால் துடைத்து வைத்திருந்தாள். கருகிய வாடை போகவில்லை. அரைக்கக் கொடுத்த டின்கள் சுவரோரம் ஏழு இருந்தன. நேற்று பதினொன்று.

பத்தரைக்குப் பொறியாளர் வந்தார், பின்னால் லைன்மேன்.

"எப்படிம்மா எரிஞ்சுது?"

"கம்பத்துல ஒரு கம்பி அறுந்துச்சு சார். மூணு பேஸ்ல ஒண்ணு போச்சு. மோட்டார் உறுமிச்சு. ஓடி வந்து நிறுத்துறதுக்குள்ள புகை. உங்க கம்பிதானே? நீங்கதானே மோட்டாருக்குக் காயில் கட்டித் தரணும்?"

"கம்பின்னா அறுந்து போகத்தான் செய்யும். ஒரு பேஸ் போனா தானா நிறுத்துற ரிலே உங்க பக்கம் இருக்கணும். கனெக்‌ஷன் வாங்கும்போதே கையெழுத்துப் போட்டிருக்கீங்க."

"இருக்கு சார்!" அவள் முகம் தெளிந்தது. "ஸ்டார்ட்டருக்கு மேல பாருங்க."

பொறியாளர் டார்ச் அடித்தார். ரிலே இருந்தது. அதன் இரண்டு முனைகளையும் இணைத்து இரண்டு அங்குலச் சிவப்புக் கம்பி ஒன்றும் இருந்தது.

"இருக்கு. இந்தக் கம்பியப் போட்டுத் தூங்க வச்சிருக்கீங்க. இத யாரு போட்டது?"

அவள் லைன்மேனைப் பார்த்தாள். கோடையில் கரண்ட் ஏறி இறங்கியபோது ரிலே ஒரு நாளைக்குப் பத்துத் தடவை மோட்டாரை நிறுத்தியது. புகார் கொடுத்ததும் வந்தவன் அவன்தான். "லைன சரி பண்ண ஆறு மாசம் ஆகும்க்கா. அதுவரைக்கும் இந்தச் சனியன் வாய மூடுவோம்" என்று தன் பையிலிருந்த கம்பிச் சுருளில் ஒரு துண்டு வெட்டி முறுக்கினான். அவன் ஏறிய ஸ்டூலுக்கு ஒரு கால் ஆடும். அவள்தான் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"தம்பி, நீயே சொல்லுப்பா."

அவன் டெஸ்டரைச் சட்டையில் துடைத்தான். "எல்லா மில்லுலயும் இதே கதைதான் சார். மிஷின் நிக்கக் கூடாதுன்னு இவங்களே கம்பியச் சுத்திக்குவாங்க."

"தம்பி!"

"என்னக்கா? உங்க பெட்டிய நான் எதுக்குத் தொடப் போறேன்?"

அவன் தோள்பை திறந்திருந்தது. உள்ளே அதே சிவப்புச் சுருள். பொறியாளர் குனிந்து எழுதிக்கொண்டிருந்தார்.

"நஷ்ட ஈடு கிடையாதும்மா. பாதுகாப்பைக் கெடுத்ததுக்கு கனெக்‌ஷன் கட். புது ரிலே மாட்டிட்டு மனு குடுங்க. பார்த்துச் சொல்ல ஒரு மாசம் ஆகும்."

"ஒரு மாசம் நான் என்ன சார் பண்றது?"

"இதெல்லாம் முன்னாடியே யோசிக்கணும்."

பக்கத்துத் தெருக்காரி உள்ளே வந்தாள். தன் டின்னைத் தூக்கிக்கொண்டு போனாள்.

"மேல ஏறி ஃபியூஸை உருவுப்பா," என்றார் பொறியாளர்.

லைன்மேன் மூலையிலிருந்த ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறினான். அது ஒரு பக்கம் சாய்ந்தது. அவன் சுவரைப் பற்றிக்கொண்டான்.

"அக்கா," என்றான், கீழே பார்க்காமல்.

அவள் வந்து ஸ்டூலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.