நம்பாதவன் போட்ட சுற்று

நாச்சிமுத்துவின் வீட்டுக் கூடத்தில், தொலைக்காட்சிக்கு மேலே இருந்த பலகையில், ஒரு பித்தளை மணி முப்பத்தைந்து ஆண்டுகளாக ஓசையின்றி உட்கார்ந்திருந்தது. அதைக் கேட்டு இந்த ஆண்டில் மட்டும் நால்வர் வந்து போயிருந்தார்கள். ஆகவே, ஒரு காலை வேளையில் தோளில் பையோடு ஒரு பெண் வாசலில் நின்று, "நாச்சிமுத்து அங்கள் வீடுதானே? நான் சின்னையா மகள், தேவகி. மலேசியாவிலேருந்து வர்றேன். அப்பாவோட மணிக்காக வந்தேன்" என்று சொன்னபோது அவருக்கு மகிழ்ச்சி பொங்கவில்லை. ஐந்தாவது ஆள் என்று எண்ணிக்கொண்டார்.

எல்லாம் மருமகள் தனப்பிரியா செய்த வேலை. போன பொங்கலுக்கு அவரை உட்கார வைத்துப் பழங்கதை பேசச் சொல்லி, கைப்பேசியில் எடுத்து உலகத்துக்கே போட்டுவிட்டாள். மலேசியாவில் ஒரு தீவு, அதில் ஒரு படகுத்துறை, அங்கே டீசல் எஞ்சின் மெக்கானிக்காக ஐந்து வருடம், சின்னையா என்ற நண்பன், அவன் கொடுத்த படகு மணி என்று அவரும் மனம் விட்டுப் பேசிவிட்டார். இருபதாயிரம் பேர் பார்த்தார்களாம். அவர்களில் மணியைப் பார்த்தவர்களே அதிகம் போலிருந்தது. பழம்பொருள் வாங்குகிறவர் ஒருவர், கோயிலுக்கு வேண்டும் என்று ஒருவர், படம் எடுக்கிறோம் என்று இருவர். நால்வரையும் வாசலோடு அனுப்பிவிட்டார்.

"உள்ள வா, அம்முணி" என்றார் இப்போது. வந்தவரை வெயிலில் நிறுத்தக் கூடாது என்பதற்காக மட்டும்.

தண்ணீர்ச் சொம்போடு வந்த அவர் மனைவி பூவாத்தாள், தேவகியைத் தலை முதல் கால் வரை ஒருமுறை அளந்துவிட்டு, கணவரின் காதருகே குனிந்தாள். "ஏனுங்க மாமா, பலகைக்குக் கீழயே உக்காந்துக்கங்க. எந்திரிச்சுப் போயிராதீங்க."

அவர் அப்படியே உட்கார்ந்தார்.

தேவகி பேசினாள். எண்ணிப் பேசுகிறவளாகத் தெரியவில்லை. ஆனால் அவள் சொன்ன ஒவ்வொன்றும் அவர் காணொளியில் சொன்னதாகவே இருந்தது. வரிசையாக நின்ற வெள்ளைப் பாய்மரப் படகுகள். காற்றடித்தால் நூறு கம்பங்களிலும் கயிறு தட்டி எழுப்பும் கிணுகிணு ஓசை. பலகைப் பாலத்தின் கோடியில் தேநீர்க் கடை. நீச்சல் தெரியாத நாமக்கல்காரரான அவருக்கு லாரி டயர் ட்யூபை இடுப்பில் மாட்டிக் கடலில் தள்ளிவிட்ட சின்னையா.

கேட்கக் கேட்க நாச்சிமுத்துவின் மனம் இரண்டாகப் பிரிந்தது. ஒரு பாதி அந்தப் பலகைப் பாலத்தில் வெறுங்காலோடு ஓடியது. காலையில் மீன் பொரியும் வாசனை, டீசல் புகை, ஈரக் கயிற்றின் உப்பு நெடி எல்லாம் கூடத்துக்குள் வந்துவிட்டன. காவிரியை விடப் பெரிய தண்ணீரைக் கண்டிராத அவரை, முதல் நாள் படகில் வாந்தி எடுத்த அவரை, மாலையில் குச்சிக்கிழங்கு அவித்து வைத்துக்கொண்டு "ஊர்ச் சாப்பாடு, சாப்பிடுடா" என்று தேற்றினானே சின்னையா! மறு பாதியோ பலகைக்குக் கீழே காவல் இருந்தது. ஒரு காட்டு முள்ளம்பன்றி, கோடை முழுதும் மழைக்கு ஏங்கிக் கிடந்ததாம். மழை வந்ததும் ஒவ்வொரு துளிக்கும் முள்ளை விரித்து நின்றதாம். அன்று காலை அவர் நிலை அதுதான். நண்பனிடமிருந்து ஆள் வராதா என்று முப்பத்தைந்து வருடம் ஏங்கியவர், வந்த ஆளை முள்ளை விரித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான் சொந்தமாப் படகு கட்டுற அன்னிக்கு ஆள் அனுப்புவேன். அதுவரைக்கும் எவனுக்கும் குடுத்துடாதே" என்பது, ஊர் திரும்பும் நாளில் சின்னையா மணியைக் கையில் வைத்துச் சொன்ன சொல். பிறகு பழைய துறையைப் பிரித்துப் பெரிய துறைமுகம் கட்டினார்கள். அவர் போட்ட கடிதங்கள் திரும்பி வந்தன. திருடிக்குக் கொடுத்தால் அந்தச் சொல் போயிற்று. உண்மையான மகளைத் திருப்பி அனுப்பினாலும் அதே சொல்தான் போயிற்று. இதில் தவறினால் அவருக்கு இன்னொரு வாய்ப்புக் கிடையாது.

"அப்பாவுக்குப் போன வருஷம் பக்கவாதம். பேச்சு வராது" என்றாள் தேவகி. "என் வீட்டுக்காரரு படகு கட்டி முடிச்சிட்டாரு. ஞாயித்துக்கிழமை தண்ணியில இறக்குறோம். உங்க வீடியோ காட்டினதும் அப்பா மணியையே தொட்டுத் தொட்டுக் காமிச்சாரு. ராத்திரி திருச்சியில ஃப்ளைட், அங்கள்."

"அவசரப்படுத்தறாளே" என்றாள் பூவாத்தாள், சுவரைப் பார்த்து.

தேவகி முகம் சிவந்தாள். உடனே கைப்பேசியை எடுத்து வீட்டுக்கு அழைத்தாள். திரையில் ஒரு கட்டில். அதில் ஒட்டிய கன்னமும் கோணிய வாயுமாக ஒரு கிழவர். நாச்சிமுத்து கண்ணாடியை ஏற்றி இறக்கிப் பார்த்தார். அவர் நினைவிலிருந்த சின்னையாவுக்கு முப்பது வயது, சுருட்டை முடி, சிரித்தால் துறையே திரும்பிப் பார்க்கும். இந்த முகத்தில் அவர் எதையும் கண்டுபிடிக்க முடியவில்லை.

"இப்பெல்லாம் கம்ப்யூட்டர்ல மொகத்தையே செஞ்சு காட்டறாங்களாமா. நம்ம சிவக்குமார் தெனமும் போன்ல சொல்றானுங்கல்ல?" என்றாள் பூவாத்தாள். சிவக்குமார் அவர்கள் மகன்; லாரி ஆபீஸ் வைத்திருப்பவன்; யாரையும் நம்பாதே என்பதை வணக்கம் சொல்வதுபோல் சொல்பவன்.

"ஆச்சி, எங்கப்பா முகத்தை நான் ஏன் செய்யணும்?" தேவகியின் குரல் உடைந்தது.

"அழுகறவிய எல்லாம் நெசம் பேசறவியன்னு எங்கூர்ல சட்டமில்லைங்க, கண்ணு. காப்பி குடி."

நாச்சிமுத்து எழுந்தார். மனைவி முறைத்ததையும் பொருட்படுத்தாமல் பின்கட்டுக்குப் போய், ஒரு நீளக் கயிற்றைக் கொண்டுவந்து தேவகியின் மடியில் வைத்தார்.

"உங்கப்பனுக்கு நான் ஒரு முடிச்சுச் சொல்லிக் குடுத்தேன். லாரியில தார்ப்பாய் இழுத்துக் கட்டற முடிச்சு. உனக்குத் தெரியுமா, அம்முணி? இந்த ஜன்னல் கம்பியில கட்டிக் காட்டு, பாக்கலாம்."

"அதும் வீடியோவுல இருக்குதுங்களே!" என்று பூவாத்தாள் தலையில் தட்டிக்கொண்டாள்.

இருந்தது. கயிற்றின் நடுவில் ஒரு கண் விட்டு, நுனியை அதில் நுழைத்து, கப்பியில் இழுப்பதுபோல் இழுத்து, மடக்கிச் செருகுவதை அவர் நிதானமாகச் செய்தே காட்டியிருந்தார். புயல் நாளில் படகின் மேல் கித்தானை இறுக்க அதைவிடச் சிறந்த கட்டு இல்லை என்று துறைக்காரர்கள் ஒப்புக்கொண்ட பெருமையையும் சொல்லியிருந்தார். சொல்லாமல் விட்டது ஒன்றே ஒன்று. சின்னையா அந்த முடிச்சைக் கடைசிவரை நம்பவில்லை. மண்ணில் ஓடுகிறவன் கண்டுபிடித்தது கடலில் தாங்குமா என்பான். கட்டி முடித்த பிறகு, நுனியைத் தலைகீழாக ஒரு சுற்றுச் சுற்றிக் கட்டைவிரலால் குத்தி இறுக்குவான். சுண்டி இழுத்தால் அவிழ வேண்டிய முடிச்சு அதனால் பல்லால் கடித்தாலும் அவிழாது. "சந்தேகம் புடிச்சவனே" என்று நாச்சிமுத்து திட்டாத நாள் இல்லை. ஊர் பார்க்கும் இடத்தில் நண்பனைக் கேலி செய்வானேன் என்றுதான் அதைப் பேசாமல் விட்டிருந்தார்.

தேவகி ஜன்னலருகே போனாள். கண் விட்டாள்; நுழைத்தாள்; உடல் எடை முழுவதையும் கொடுத்து இழுத்தாள்; மடக்கிச் செருகினாள். குற்றம் சொல்ல இடமில்லாத முடிச்சு. காணொளியில் இருந்தது இருந்தபடி. கையை எடுத்துவிட்டுத் திரும்பினாள்.

சின்னையாவின் அந்தச் சுற்று இல்லை என்று நாச்சிமுத்து பார்த்தார். அவளை எப்படிப் போகச் சொல்வது என்று சொற்களைத் தேடினார்.

"இருங்க அங்கள், இன்னும் முடியல" என்றாள் தேவகி. மறுபடி ஜன்னலை நோக்கி ஓர் எட்டு. நுனியை எடுத்துத் தலைகீழாக ஒரு சுற்று. கட்டைவிரலால் ஒரு குத்து. "இது தேவையில்லைதான். ஆனா இது இல்லாம அப்பா விடமாட்டாரு. 'நாச்சி முடிச்சு நல்லாத்தான் இருக்கும், ஆனா அவன் லாரிக்காரன் லா' அப்படிம்பாரு."

நாச்சிமுத்து ஜன்னலருகே போய் அந்தச் சுற்றை விரலால் தொட்டார். அவிழ்க்கப் பார்த்தார். அவிழவில்லை. அவர் தோள்கள் குலுங்கின. சிரிக்கிறாரா என்று பூவாத்தாள் எட்டிப் பார்த்தாள். சிரிப்பு மட்டும் இல்லை.

"ஏனுங்க மாமா, என்னாச்சுங்க?"

"அவன் புள்ளதான், பூவாத்தா. எலையப் போடு."

பூவாத்தாள் தேவகியின் கையிலிருந்த ஆறிப்போன காப்பியை வாங்கிக்கொண்டு, "வேற சூடாப் போட்டுத் தாரேன், சாமி. நாம் பேசுனத மனசுல வெச்சுக்காத" என்று அடுக்களைக்குள் போனாள்.

சாப்பாடு முடிந்ததும் நாச்சிமுத்து மணியை இறக்கித் துடைத்தார். பழைய வேட்டியில் சுற்றி, அட்டைப் பெட்டியில் வைத்து, கயிறு போட்டார். தேவகி மறுபடி வீட்டுக்கு அழைத்து, திரையை அவர் கைகளுக்கு நேராகப் பிடித்தாள். இந்த முறை அவர் கண்ணாடியை ஏற்றி இறக்கவில்லை. கட்டிலில் கிடந்தவரின் புருவ மேட்டில் பாய்மரக் கட்டை இடித்த பழைய தழும்பு இருந்தது. அந்நாளில் அவர் எத்தனையோ முறை பார்த்தது; காலையில் கண்ணில் படாதது.

"சின்னையா, நாந்தான்டா. பத்தரமா வெச்சிருந்தேன். பாத்துக்க" என்றார். கண் விட்டு, நுழைத்து, இழுத்து, மடக்கிச் செருகித் தமது முடிச்சை அழகாகக் கட்டி முடித்துக் கையை எடுத்தார்.

கிழவர் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு, அசையக்கூடிய ஒரே கையான இடது கையை மெல்லத் தூக்கினார். இரண்டு விரல்கள் காற்றில் தலைகீழாக ஒரு சுற்றுச் சுற்றின. கட்டைவிரல் ஒருமுறை குத்தியது.

"இன்னும் நம்பமாட்டியாடா நீ!" என்று கத்திவிட்டு, நாச்சிமுத்து கயிற்றின் நுனியை மறுபடி கையில் எடுத்தார்.