காலியாக விட்ட இடம்

"ஒன்பதுன்னு போட்டுகீது. எண்ணிப் பாத்தா ஆறுதான் கீது. மிச்சம் மூணு பொண்ணுங்கள எங்க ஒளிச்சு வெச்சுகீறே?"

சாலவாக்கத்து சுலோச்சனா தாளைக் கனகாவின் மேசை மேல் வீசினாள். தாள் பறந்து கீபோர்டின் மேல் விழுந்தது.

உத்திரமேரூர் பஜாரில், பாத்திரக்கடை மாடியில் இருக்கிறது தாயாரம்மாள் திருமணத் தகவல் மையம். கனகா அங்கே கம்ப்யூட்டரில் உட்கார்ந்து ஐந்து வருடம் ஆகிறது. பையனின் ஜாதகத்தைக் கொடுத்தால், எந்தெந்தப் பெண்களுக்குப் பொருத்தம் என்று தேடி, பிரிண்டரில் அடித்துக் கொடுப்பாள். கீழே 'மொத்தம் இத்தனை' என்று வரும். அந்த மொத்தம்தான் இன்று அவளுக்கு வினையானது.

"பிரிண்டர் கோளாறும்மா. நடுநடுவுல வெத்து வரியா விடுது. ரொம்ப நாளா அப்படித்தான்."

"உனக்கே முப்பத்தொண்ணு ஆச்சு. நீ கோளாற சரி பண்ணி, என் புள்ளைக்குப் பொண்ணு பாத்துக் குடுக்கப் போறியா?" சுலோச்சனா தாயாரம்மாளைப் பார்த்துச் சிரித்தாள். "இன்னா தாயாரு, வேலைக்கு வெச்சிருக்கிற பொண்ணையே உன்னால தள்ளி விட முடியல. உன்ன நம்பி நான் பணம் கட்டிகினு இருக்கேன்!"

தாயாரம்மாளும் சிரித்தாள். வாடிக்கையாளர் சிரித்தால் கூடவே சிரிப்பது அவள் தொழில். "அது ஜாதகம் அப்படி. நீ துணிக்கடைக்குப் போய்ட்டு வா. சாயங்காலத்துக்குள்ள ஒன்பது பேரையும் கையில குடுக்கறேன்."

சுலோச்சனா படியிறங்கியதும் தாயாரம்மாளின் சிரிப்பு நின்றது. "ஏண்டி, மாசாமாசம் பேப்பர் வாங்கியே நான் அழியறேன். பாதி பேப்பர் வெத்தா போவுது. அந்த பாயக் கூப்பிட்டுச் சரி பண்ணு. இல்ல, வேற வேல பாத்துக்க."

பாய் என்றால் லுக்மான். பஸ் ஸ்டாண்டு எதிரில் கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருப்பவன். இந்தப் புரோகிராமை எழுதிக் கொடுத்ததும் அவன்தான். பெண்கள், பையன்கள், நட்சத்திரம், ராசி, படிப்பு எல்லாம் ஒரே ஒரு ஃபைலில் அடக்கம். பெரிய சர்வர் எதுவும் வேண்டாம். ஒரு பென் டிரைவில் போட்டுச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போய்விடலாம்.

அவன் வந்தபோது மதியமாகியிருந்தது. தாயாரம்மாள் உள் அறையில் சாப்பிட உட்கார்ந்திருந்தாள். கனகா சுலோச்சனாவின் மகன் பிரவீனுக்கான தேடலை மறுபடி ஓட்டிக் காட்டினாள். ஆறு பெயர், நடுவில் மூன்று வெற்று வரி, மொத்தம் ஒன்பது.

"பிரிண்டர் மேல பழி போடாதம்மா. திரையிலயே காலியாத்தான் கீது." லுக்மான் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டான். தேடலை ஒவ்வொரு துண்டாகக் கழற்றி ஓட்டிப் பார்த்தான். வயதை எடுத்தான், மூன்று காலி. நட்சத்திரத்தை எடுத்தான், அப்போதும் மூன்று காலி. கடைசியில் அந்த மூன்று வரிகளின் எண்களை மட்டும் பிடித்து, உள்ளே என்ன இருக்கிறது என்று கேட்டான். பிறகு தன் நெற்றியில் தானே தட்டிக்கொண்டான்.

"பேஜாரு நான் பண்ணதுதான். பொண்ணு பேரு, த.பெ., அப்பா பேரு, ஊரு எல்லாத்தையும் ஒட்டி ஒரே வரியாக் காட்டச் சொல்லிகீறேன். இதுல ஒண்ணு காலியா இருந்தா, டேட்டாபேஸ் அத 'தெரியாது'ன்னு எடுத்துக்கும். தெரிஞ்சதோட தெரியாதத ஒட்டினா, மொத்த வரியும் தெரியாததா ஆயிடும். ஆனா எண்ணும்போது ஆள எண்ணிடும். இந்த மூணு பேருக்கும் அப்பா பேரு போடல. ஏம்மா போடல?"

கனகா உள் அறைப் பக்கம் பார்த்தாள்.

அது தாயாரம்மாளின் சட்டம். கல்யாணம் பேசுகிற தாளில் செத்தவர் பெயரை எழுதக்கூடாது. 'லேட்' என்ற சொல்லே அங்கே ஆகாது. தகப்பன் இல்லாத பெண்ணுக்கு அந்த இடத்தைக் காலியாக விடு என்று முதல் நாளே சொல்லிவிட்டாள். தாளில் தகப்பன் பெயர் இருந்தால் அவர் உயிரோடு இருக்கிறார் என்று அர்த்தம். பெண் தேடி வருகிற எல்லாருக்கும் அது தெரியும்.

லுக்மான் இரண்டு வார்த்தையை மாற்றி எழுதினான். காலியாக இருந்தால் ஒரு கோடு போட்டுக்கொள் என்று. மூன்று வரிகளும் திரையில் எழுந்து நின்றன.

மீனா, தாமல், இருபத்து நான்கு, பொருத்தம் ஒன்பது.

காவியா, ஓரிக்கை, இருபத்தைந்து, பொருத்தம் ஒன்பது.

கனகா, உத்திரமேரூர், முப்பத்தொன்று, பொருத்தம் எட்டு.

தன் பெயரையும் பதிந்துவைத்து ஐந்து வருடம். இந்தக் கையால்தான் ஒவ்வொரு தாளையும் கிழித்துக் கொடுத்திருக்கிறாள். வெற்று வரி வரும்போதெல்லாம் பிரிண்டரைத் தட்டியிருக்கிறாள். ஒவ்வொரு தட்டலும் தன் தலையிலேயே விழுந்திருக்கிறது.

"இந்த மூணு மட்டும் இல்ல," என்றான் லுக்மான், இன்னொரு தேடலை ஓட்டிக்கொண்டே. "மொத்தத்துல நாப்பது பேருக்கு மேல கீறாங்க. யா அல்லா, ஒரு தடவகூட வெளிய வந்திருக்க மாட்டாங்களே."

நாற்பது பேரின் தாய்மார்களையும் கனகாவுக்குத் தெரியும். மீனாவின் தாய் வள்ளியம்மா நடவு, களையெடுப்பு என்று கூலிக்குப் போகிறவள். தாமலிலிருந்து இரண்டு பஸ் மாறி மாதம் ஒருமுறை வருவாள். வெறுங்கையோடு வரமாட்டாள், முந்தானையில் கொய்யாவோ கத்தரிக்காயோ இருக்கும். "அமையலையாம்மா?" என்பாள். "உங்க பொண்ணு ஜாதகம் அப்படி" என்பாள் கனகா. தாயாரம்மாளிடம் கேட்டுக் கேட்டுப் பழகிய அதே வாக்கியம்.

இப்போது திரையில் மீனா அவளுக்கு மேலே இருந்தாள். ஏழு வயது குறைவு. ஒரு பொருத்தம் அதிகம்.

பிரவீன் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் கார் ஃபேக்டரியில் பெர்மனெண்ட். குடி கிடையாது. அவன் போட்டோவை ஸ்கேன் செய்தவளே கனகாதான். இருமுறை ஸ்கேன் செய்தாள். சாயங்காலம் சுலோச்சனா ஒன்பது பெயரையும் படிப்பாள். முப்பத்தொன்றில் அவள் விரல் நிற்குமா, இருபத்து நான்கில் நிற்குமா?

"பாய், இத சேவ் பண்ண வேணாம்."

"ஏம்மா?"

"அம்மாகிட்ட ஒரு வார்த்த கேட்டுக்கறேன்." கனகா உள் அறைப் பக்கம் குரல் கொடுத்தாள். "அம்மா! வெத்து வரிய வராம எடுத்துடலாமா? மொத்தமும் சரியா வந்துடும், பேப்பரும் மிச்சமாவும்."

"அதத்தானே காலையிலிருந்து கத்திகினு இருக்கேன்! எடுத்துத் தொல!" மோர்ச் சோற்றின் நடுவிலிருந்து பதில் வந்தது.

லுக்மான் கனகாவின் முகத்தைப் பார்த்தான். "அது வெத்து வரி இல்லம்மா. பொண்ணுங்க."

"முதலாளி சொல்லிட்டாங்களே."

"நீயும் அதுல ஒருத்திதானே?"

கனகா கீபோர்டைத் தன் பக்கம் இழுத்தாள். தன் பதிவைத் திறந்தாள். தகப்பனார் பெயர் என்ற காலி இடத்தில் 'எல்லப்பன்' என்று அடித்தாள்.

"அப்பா உயிரோட கீறாருன்னுதானே நெனைப்பாங்க?"

"பேருதானே போட்டேன் பாய். பொய் ஒண்ணும் எழுதலையே."

கடையில் ஆள் காத்திருக்கிறது என்று லுக்மானுக்கு இரண்டு முறை செல்போன் வந்துவிட்டது. தான் போட்ட கோட்டை எடுத்தான். வரி காலியாக இருந்தால் காட்டவும் வேண்டாம், எண்ணவும் வேண்டாம் என்று எழுதினான். ஓட்டினான். ஏழு பெயர். மொத்தம் ஏழு. நடுவில் ஓர் இடைவெளி இல்லை.

"இனிமே அந்தப் பொண்ணுங்க கீறாங்கன்னுகூட யாருக்கும் தெரியாது," என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினான். காசு வாங்கவில்லை.

நான்கு மணிக்கு சுலோச்சனா துணிப் பைகளோடு ஏறி வந்தாள். தாயாரம்மாள் பெருமையாகத் தாளை நீட்டினாள். "பாரு, ஒரு வெத்து வரி கெடையாது. கம்ப்யூட்டர் தப்பா எண்ணிருக்குது. ஏழுதான்."

சுலோச்சனாவின் விரல் ஒவ்வொரு பெயராக இறங்கி, ஓரிடத்தில் நின்றது.

"கனகா... இது நீதானே?"

கனகா தலையைக் குனிந்தாள்.

"த.பெ. எல்லப்பன். எந்த எல்லப்பன்? எங்க ரூட்டு டவுன் பஸ் கண்டக்டரு எல்லப்பனா?"

பெயரை அடிக்கிற அவசரத்தில் கனகா மறந்த ஒரே விஷயம் அது. பதினெட்டு வருடம் சாலவாக்கம் ரூட்டில் டிக்கெட் கிழித்த மனிதரை அந்த ஊரில் யாருக்குத்தான் தெரியாது?

"அவரு கருமாதிக்கு நானே வந்து சாப்ட்டுப் போனேண்டி! அவரு பொண்ணு நீன்னு இன்னிக்குத்தான் தெரியுது!" சுலோச்சனாவின் குரல் பாத்திரக்கடை வரை கேட்டது. "செத்தவர எழுப்பி உக்கார வெச்சிகீறியா? தாயாரு, இதான் உன் கடை லட்சணமா?"

"அய்யோ, எனக்குத் தெரியாதும்மா சுலோச்சனா..." தாயாரம்மாளுக்கு வேர்த்துவிட்டது.

சுலோச்சனா கனகாவின் அருகில் வந்தாள். இப்போது குரல் இறங்கியிருந்தது. அந்தக் குரல்தான் இன்னும் கொடுமையாக இருந்தது.

"அப்பன் இல்லன்னே உட்டிருந்தியானா உன்னையே எடுத்திருப்பேன். ரெண்டு வருசமா நான் தேடறதே அப்பன் இல்லாத பொண்ணைத்தான். வாயத் தொறந்து கேட்டா ஊரு சிரிக்கும்னுதான் சொல்லல. எம்மருமவள நான் ஒரு வார்த்த சொன்னா, ஏன்னு கேக்க ஒரு ஆம்பள என் வூட்டு வாசல்ல வந்து நிக்கக்கூடாது. வயசு கெடக்குது வயசு. இந்தக் கடையில ஒருத்திகூட அப்படி வரல. வந்த ஒருத்தியும் பொய்க்காரி."

அவள் தாளை இரண்டாகக் கிழித்து மேசையில் வைத்துவிட்டு, ஐந்து மணி பஸ்ஸுக்குப் போய்விட்டாள்.

தாயாரம்மாள் அடிக்கவில்லை. அடித்திருக்கலாம். "உன் பேருல அந்த எடத்த மறுபடி காலி பண்ணு," என்றாள். "என் கண்ணு முன்னாடி பண்ணு."

கனகா 'எல்லப்பன்' என்பதை ஒவ்வோர் எழுத்தாக அழித்தாள். சேவ் செய்தாள். தேடலை ஓட்டச் சொன்னாள் தாயாரம்மாள். ஓட்டினாள். ஆறு பெயர். மொத்தம் ஆறு.

படியில் செருப்புச் சத்தம் கேட்டது. வள்ளியம்மா மூச்சிரைக்க மேலே வந்து நின்றாள். முந்தானையை அவிழ்த்து நாலு கொய்யாப் பழத்தை மேசை மேல் உருட்டினாள்.

"கண்ணு, இந்த மாசமாச்சும் எம் பொண்ணுக்கு எதுனா அமைஞ்சுதா?"

ஜன்னலுக்குக் கீழே, பஜார் நிறுத்தத்தில், சாலவாக்கம் பஸ் இன்னும் கிளம்பவில்லை. சுலோச்சனா டிரைவருக்குப் பின் சீட்டில் உட்கார்ந்து, புடவைப் பையை மடியில் வைத்துக்கொண்டிருந்தாள். மீனா இருக்கிறாள் என்று இங்கிருந்து ஒரு குரல் கொடுத்தால் போதும்.

கனகா கிழிந்த தாளைச் சுருட்டிக் குப்பைக் கூடையில் போட்டாள். ஒரு கொய்யாவை எடுத்துப் புடவையில் துடைத்துக் கடித்தாள்.

"இல்லம்மா," என்றாள். "உங்க பொண்ணு ஜாதகம் அப்படி."