ஞாயிற்றுக்கிழமை ஜோடி ஆட்டம்

அல்மாட்டியில் அப்போதெல்லாம் ஏப்ரல் பிறந்ததும் டென்னிஸ் மைதானத்தின் செம்மண்ணுக்குத் தண்ணீர் தெளித்து உருளையால் அழுத்துவார்கள். ஈர மண்ணின் வாசனை எங்கள் மூன்றாம் மாடி வரை ஏறி வரும். அந்த வாசனை வந்தும் என் கணவர் ஷாய்மெர்தென் ஜன்னலைத் திறக்காத வருஷம் ஒன்று உண்டு.

அதற்கு முந்தின இலையுதிர் காலத்தில், அச்சகத்தில் வேலையாக இருந்தபோது அவருக்கு மாரடைப்பு வந்தது. வயது நாற்பத்தேழு. பிழைத்துக்கொண்டார். ஆனால் வீடு திரும்பியவர் வேறு ஆள். எந்நேரமும் மணிக்கட்டில் விரல் வைத்து நாடி பார்த்தபடி நாற்காலியிலேயே உட்கார்ந்திருப்பார். டென்னிஸ் பந்தை விரட்டிக்கொண்டு போய் வேலியில் மோதுகிற மனிதர், மாடிப்படியைக் கண்டு பயந்தார்.

அவருக்கு வைத்தியம் பார்த்த டாக்டர் ஃபாயினா அவரை விடவில்லை. முதலில் தெருமுனை வரை, பிறகு பூங்கா வரை என்று நடக்க வைத்தார். பரிசோதனைகள் எல்லாம் முடிந்து, மே மாதக் கடைசியில் சொன்னார்: "இனிமே டென்னிஸ் ஆடலாம்."

"என்னைக் கொல்லப் பாக்குறீங்களா டாக்டர்?"

"ஒத்தையா ஆட வேண்டாம். ஜோடியா, மெதுவா ஆடுங்க. நானும் உங்க பக்கமே நின்னு ஆடுறேன். விழுந்தா தூக்கிவிட டாக்டர் பக்கத்துலயே இருப்பேன். இந்த வசதி ஆஸ்பத்திரியிலகூடக் கிடையாது."

ஞாயிற்றுக்கிழமை மாத்திரையும் ஃபிளாஸ்க்கில் பால் தேநீருமாக நானும் கூடப் போனேன். எதிர்ப்பக்கம் ஆட ஷாய்மெர்தெனின் பழைய எதிராளி கென்ரிக் காத்திருந்தார். கென்ரிக்கின் ஜோடி வரவில்லை. ஃபாயினா என் பக்கம் திரும்பினார்.

"குல்சிபா, ஃபிளாஸ்க்கை கீழ வைங்க. இந்தாங்க மட்டை."

"எனக்குப் பிடிக்கவே தெரியாதே!"

"வீட்டுல வாணலி பிடிக்கிறீங்கள்ல? அதே பிடிதான்."

நான் அடித்த முதல் பந்து வேலியைத் தாண்டி வாய்க்காலில் விழுந்தது. இரண்டாவது, வலையில் உரசி அந்தப் பக்கம் சொத்தென்று இறங்கியது. ஷாய்மெர்தென் யோசிக்கவே இல்லை. பாய்ந்து வந்து அதை எடுத்துத் திருப்பி அடித்துவிட்டார்.

எல்லோரும் அப்படியே நின்றோம். அவர் விரல் மணிக்கட்டுக்குப் போனது.

"டாக்டர்... வேகமா அடிக்குது."

"ஓடினா அடிக்கத்தானே செய்யும்? மூச்சு முட்டுதா? நெஞ்சு வலிக்குதா?"

"இல்ல."

"அப்ப கொஞ்சம் நின்னு மூச்சு வாங்கிட்டு சர்வீஸ் போடுங்க. வெயில் ஏறுது."

அவர் சிரித்தார். இலையுதிர் காலத்துக்குப் பிறகு அன்றுதான் அந்தச் சிரிப்பைக் கேட்டேன்.

பிறகு முப்பது வருஷத்துக்கு மேல் ஞாயிறுகள் அந்த மண்ணில்தான் விடிந்தன. பந்து கோட்டுக்கு உள்ளேயா வெளியேயா என்று தொண்டை கிழியச் சண்டை போடுவோம். பிறகு ஆப்பிள் மரத்தடியில் உட்கார்ந்து எண்ணெயில் பொரித்த மாவு உருண்டையான பவுர்சாக்கைத் தேநீரில் தோய்த்துத் தின்போம். கென்ரிக் ஜெர்மனிக்குக் குடிபோகும்வரை அப்படியே நடந்தது. ஷாய்மெர்தென் எண்பத்தைந்து வயது வரை வாழ்ந்து, ஒரு மதியத் தூக்கத்தில் போனார்.

டென்னிஸ்தான் அத்தனை ஆயுளைக் கொடுத்ததா என்று ஒருமுறை ஃபாயினாவிடம் கேட்டேன்.

"மாத்திரையும் கொடுத்திருக்கும், உங்க சமையலும் கொடுத்திருக்கும். இவ்வளவுதான்னு பிரிச்சுச் சொல்ல என்னால முடியாது. ஆனா ஒண்ணு, அந்த நாற்காலியிலயே உக்காந்திருந்தா இவ்வளவு தூரம் வந்திருக்க மாட்டார்."

எனக்கு இப்போது எண்பது தாண்டிவிட்டது. முழங்கால் முனகினாலும் மருமகளோடு ஆடுகிறேன்.

"அத்தை, வெளிய விழுந்துடுச்சு!"

"கண்ணாடியைத் துடைச்சுட்டுப் பாருடி. கோட்டு மேலதான் விழுந்துச்சு."