மூக்கு புஹாரி

கற்பூரக் கட்டிகளைக் கொஞ்சம் கொஞ்சமாக அம்மியில் வைத்து ஸுலைஹா நுணுக்கிக்கொண்டிருந்தாள். கூடத்தில் கட்டியிருந்த திரைச்சீலைக்கு அந்தப் பக்கம் அவள் புருஷனைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தார்கள். வாளியில் தண்ணீர் அள்ளும் சத்தம், ஊற்றும் சத்தம், பிறகு துணியால் ஒற்றியெடுக்கும் மெல்லிய சத்தம். கற்பூரத்தின் காரம் குசினி முழுக்க ஏறிக் கண்ணைக் கரித்தது. இந்த வாசம்கூட அவருக்குத் தெரியப்போவதில்லை என்று நினைத்தாள். செத்துப்போனதனால் அல்ல. போன வருஷத்துக் காய்ச்சலோடு அவருக்கு வாசம் என்பதே போய்விட்டது.

அது அவர்கள் இரண்டு பேருக்குள் இருந்த விஷயம். பெற்ற மகள் றம்ஸியாவுக்குக்கூடத் தெரியாது.

திரைக்கு அப்பால் யாரோ தணிந்த குரலில் சொன்னார்கள்.

“என்னா சுத்தமான கை. மெக்கானிக்குட கை மாதிரியே இல்ல. நகத்துல ஒரு பொட்டு ஊத்தையில்ல.”

குழவி ஒரு கணம் நின்றது. ஆஸ்பத்திரியில் கழுவி அனுப்பியிருப்பார்கள் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு மறுபடி அரைத்தாள்.

பதுளையிலிருந்து லுணுகலை வரைக்கும் கார் வைத்திருந்தவர்களுக்கெல்லாம் அவர் மூக்கு புஹாரி. எஞ்சினை ஓடவிட்டு, பின்பக்கம் போய், புகைக்குழாய்க்கு நேரே குனிந்து ஒரு மூச்சு இழுப்பார். பெற்றோல் கூடுதலா, காற்றுக் கூடுதலா என்று அப்போதே சொல்லிவிடுவார். அதற்கப்புறம்தான் பிளக்கைக் கழற்றிக் காட்டுவார். கூடுதல் என்று அவர் சொல்லியிருந்தால் பிளக் அடுப்புக்கரி மாதிரிக் கறுத்திருக்கும். பெற்றோல் விலை ஏறின நாளிலிருந்து வாடகைக்கு ஓடுகிற ஹயர் கார்க்காரர்கள் அவர் மூக்கை நம்பித்தான் பிள்ளை குட்டிகளுக்குச் சோறு போட்டார்கள்.

அந்த மூக்குத்தான் போயிற்று. முதலில் கறி கருகினது தெரியவில்லை. பிறகு சரிபார்த்துக் கொடுத்த கார்கள் திரும்பி வர ஆரம்பித்தன. புஹாரிக்குக் கைராசி போச்சு என்று பஸாரில் பேச்சு வந்தது. அன்றைக்குத்தான் அவர் அவளிடம் சொன்னார். சொல்லும்போது முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

அதிலிருந்து அவள் மூக்கு அவருக்கு மூக்காயிற்று. குசினி ஜன்னல் கராஜுக்குள் திறக்கும். அவர் பெற்றோலைக் கூட்டிக் குறைக்கிற காபரேட்டர்த் திருகைத் திருப்பிக்கொண்டே, “ஸுலைஹா, தேத்தண்ணி எப்படி?” என்று கேட்பார். புகையில் பெற்றோல் மணந்தால், சீனி கூடிப்போச்சு என்பாள். மணமே இல்லாமல் எஞ்சின் இருமினால், சீனி காணாது என்பாள். சரியாக வந்ததும், அளவா ஈக்கு என்பாள். சீனியே கூப்பனுக்குக் கிடைக்கிற காலம். கூப்பன் சீனியெல்லாம் புஹாரி நானாட வயித்துலதான் ஈக்கு என்று வந்தவர்கள் சிரிப்பார்கள். அவரும் சேர்ந்து சிரிப்பார். அந்தச் சிரிப்பு இவளுக்குப் பிடிக்காது.

மொஹிதீன் மச்சான் குசினி வாசலில் வந்து நின்றார். புஹாரியின் நானா, கூடப்பிறந்த அண்ணன். பஸாரில் புடைவைக் கடை. பள்ளிவாசலை நிர்வகிக்கிற மரைக்கார்களில் ஒருவர். உள்ளே வராமல் நிலையைப் பிடித்துக்கொண்டு நிலத்தைப் பார்த்தார்.

மரண விசாரணைக்காரர் விபத்து என்று எழுதிக் கொடுத்துவிட்டாராம். பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு அடக்கம் என்று ஊருக்கும் சொல்லியாயிற்றாம். ஆனால் பள்ளியில் தொழுவிக்கிற லெப்பை யோசிக்கிறாராம்.

“என்ன யோசன, மச்சான்?”

“ஸுலைஹா, நான் சொல்றதில்ல இது. ஊருல சொல்றது. காருட புகையக் குடிச்சித்தான் மௌத்து. கராஜ் கதவு சாத்தி ஈந்திருக்கு. மூக்காலயே கார் பாத்த மனிசன், அந்த நாத்தம் தெரியாம உள்ளுக்க ஈந்திருப்பாரான்னு கேக்கிறாங்க.”

அவள் கற்பூரத்தை வழித்து ஒரு தாளில் கொட்டினாள்.

“தெரிஞ்சே ஈந்தார்ங்கிறாங்களா?”

லெப்பைக்கு வீட்டாளின் வாயால் ஒரு சொல் வேண்டுமாம். பிறகு அந்த இடத்தையும் ஒருமுறை கண்ணால் பார்க்க வேண்டுமாம். அப்படியொரு மௌத்து என்றால் அவர் முன்னுக்கு நின்று தொழுவிக்க மாட்டார். வேறு யாராவது, நாலு பேரோடு, ஓசையில்லாமல் முடித்துக்கொள்ள வேண்டியதுதான்.

றம்ஸியா கைக்குழந்தையோடு அறையில் இருந்தாள். குழந்தை சிணுங்குவது கேட்டது. இந்தப் பேச்சு அந்தப் பிள்ளையின் தலையில்கூட வந்து நிற்கும் என்று ஸுலைஹாவுக்குத் தோன்றியது. மனிசனின் மானமா, ஜனாஸாத் தொழுகையா என்று இனி பார்த்துக்கொண்டிருக்க ஏலாது.

“அவருக்கு மூக்கு இல்ல, மச்சான்,” என்றாள். “போன வருஷத்திலேருந்து ஒரு வாசமும் தெரியாது. நான்தான் ஜன்னல்ல நிண்டு மோந்து சொல்லிட்டிருந்தேன்.”

மொஹிதீன் தலையை நிமிர்த்தினார். பரிதாபமாகப் பார்த்தார். நம்பவில்லை என்று அவளுக்குத் தெரிந்தது. புருஷனுக்காகப் பெண்சாதி எதுவும் சொல்லுவாள் என்று லெப்பை நினைத்துவிடக் கூடாதே என்றார், தன்னுடைய நினைப்பை லெப்பையின் மேல் போட்டு.

அப்போதுதான் வெளியே கிணற்றடியில் தண்ணீர் இறைத்துக் கொடுத்துக்கொண்டிருந்த ரெங்கசாமி வாளியை வைத்துவிட்டு இரண்டடி முன்னால் வந்தான். லுணுகலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டில் பிறந்து, ஹயர் கார் ஓட்டிப் பிழைக்கிறவன். கராஜுக்குள் நிற்பது அவனுடைய கார்தான். நேற்றுப் பின்னேரம் காரை எடுக்க வந்து, புஹாரியை வெளியே இழுத்துப் போட்டவனும் அவன்தான்.

“எனக்குத் தெரியுங்க மொதலாளி,” என்றான்.

“என்ன தெரியும்?”

“நானாவுக்கு வாசம் தெரியாதுங்கிறது. அம்மா சீனி கூடிருச்சின்னா நானா திருக கொறைப்பாரு. சீனி பத்தலன்னா கூட்டுவாரு. ஒரு கோப்ப தேத்தண்ணியும் வந்து நான் பாத்ததில்லீங்க.”

ஸுலைஹா முந்தானையை இழுத்து முகத்தை மறைத்துக்கொண்டாள். இத்தனை நாளும் தெரிந்து வைத்துக்கொண்டே அவன் சிரித்திருக்கிறான். ஒரு சொல் சொல்லாமல், அதே காரை அதே கராஜுக்கே கொண்டுவந்திருக்கிறான்.

“தெரிஞ்சிக்கிட்டா காரக் குடுத்தாய்?” என்று மொஹிதீன் கேட்டார்.

“எங்கப்பா காலத்திலேருந்து நானாகிட்டத்தாங்க. வேற எங்க போறது?” என்றான். பிறகு, கேட்காமலே, அவசர அவசரமாகச் சொன்னான். நேற்றுத் தான்தான் நெருக்கினானாம். விடியவே கல்யாண ஹயர் இருக்கிறது, எப்படியாவது முடித்துத் தாங்க என்று காலையில் சொல்லிவிட்டுப் போனானாம். மழையும் காற்றுமாக இருந்ததால் கதவைச் சாத்திக்கொண்டு வேலை செய்திருப்பார். வந்து பார்க்கும்போது பொனட் திறந்திருக்க, அதற்குக் கீழே விழுந்து கிடந்தாராம்.

மொஹிதீனுடைய தோள்கள் இறங்கின. பள்ளிக்குப் போய் லெப்பையைக் கையோடு கூட்டிவருவதாகச் சொன்னார். படியிறங்கும்போது முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டார். தம்பி செத்ததிலிருந்து அவர் அழுதது அப்போதுதான்.

ஸுலைஹா அடுப்படியில் நின்றாள். நெஞ்சு லேசாகியிருக்க வேண்டும். ஆகவில்லை.

நாலு நாளுக்கு முன் அவள் பண்டாரவளைக்கு மகளிடம் புறப்பட்டபோது, ரெங்கசாமியின் கார் வருமே, என்ன செய்வீங்க என்று கேட்டிருந்தாள். நீ வார வரைக்கும் நான் காபரேட்டர்ல கை வைக்க மாட்டேன் என்றார். போய்ட்டு வா என்றார். நேற்று ராத்திரி மௌத்துச் செய்தி கேட்டுத்தான் அவள் மகளோடு திரும்பினாள். அவள் புறப்பட்டதற்கு முந்தின கிழமை அவரும் அவளோடு போய்ப் பேரப்பிள்ளையைப் பார்த்துவிட்டு வந்திருந்தார். குழந்தையைத் தூக்கி, உச்சியில் மூக்கை வைத்து ஒரு மூச்சு இழுத்தார். மறுபடியும் இழுத்தார். பிறகு றம்ஸியாவின் மடியில் வைத்துவிட்டு, பஸ் போய்விடும் என்று எழுந்துவிட்டார். பஸ்ஸுக்கு நிறைய நேரம் இருந்தது.

லெப்பை வருமுன் இடம் எப்படி இருக்கிறது என்று பார்க்கலாம் என்று குசினிக் கதவைத் திறந்து கராஜுக்குள் இறங்கினாள்.

முன்கதவு விரியத் திறந்திருந்தது. ரெங்கசாமி வாசலில் நின்று, ஊர்க்கால்கள் மிதித்து வைத்த சேற்றை விளக்குமாற்றால் தள்ளிக்கொண்டிருந்தான். கார் பொனட்டைத் திறந்தபடி நின்றது. ஸுலைஹா கிட்டப் போய் உள்ளே குனிந்தாள்.

காபரேட்டருக்கு மேல் ஏர்கிளீனர் அப்படியே இருந்தது. காற்றைச் சலித்து விடுகிற அந்தத் தகர மூடியைக் கழற்றாமல் திருகுக்குக் கை போகாது. அவர் எந்தக் காருக்கும் முதலில் செய்கிற வேலை அதைக் கழற்றுவதுதான். கழற்றி, மேசையில் மல்லாத்தி வைத்து, அதைப் பிடித்திருக்கிற காது வைத்த நட்டை அதற்குள்ளேயே போட்டுவிடுவார், தொலைந்துபோகாமல் இருக்க. இப்போது அந்த நட்டு மூடியின் நடுவில் இறுகி உட்கார்ந்திருந்தது. சுற்றிலும் லுணுகலை றோட்டுச் செம்புழுதி விரல் படாமல் படிந்திருந்தது.

மேசையைப் பார்த்தாள். நட்டுக் கழற்றும் சாவிகளெல்லாம் காக்கித் துணியில் வரிசையாகச் செருகி, சுருட்டி, நாடா போட்டுக் கட்டியிருந்தது. வேலை முடிந்து கராஜைப் பூட்டப்போகும்போது கட்டுகிற கட்டு.

கை வைக்க மாட்டேன் என்று சொல்லியிருந்தார். வைக்கவில்லை.

“ரெங்கசாமி.”

விளக்குமாறு நின்றது.

“நீங்க வாரப்போ பொனட் தெறந்தா ஈந்திச்சி?”

அவன் திரும்பவில்லை. சேற்றைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

“தொறந்துதாங்கம்மா இருந்திச்சி,” என்றான். குரல் வேறு யாருடையதோ மாதிரி இருந்தது. “கீழதான் கெடந்தாரு. சீட்டுல இல்லீங்க.”

சீட்டைப் பற்றி அவள் கேட்கவில்லை.

அவனுக்குக் கார் ஓட்டத்தான் தெரியும், பொனட்டுக்குள் ஒன்றும் தெரியாது என்று புஹாரி எப்போதும் கேலி செய்வார். ராஸா மாதிரி ஓட்டுவான், எண்ணெய் ஊத்தற ஓட்டையக் காட்டச் சொன்னா றேடியேட்டரக் காட்டுவான் என்பார். தெரிந்திருந்தால் பொனட்டைத் திறந்ததோடு விட்டிருக்க மாட்டான்.

“நானு வெளிய நிக்கிறேங்கம்மா. அவங்க வந்தா இருமுறேன்,” என்று ரெங்கசாமி கதவை இழுத்துச் சாத்தினான்.

ஸுலைஹா நட்டைப் பிடித்துத் திருகினாள். அசையவில்லை. முந்தானை நுனியைச் சுற்றிப் பல்லைக் கடித்துத் திருகினாள். ஒரு கிறீச்சோடு விட்டது. தகர மூடியைத் தூக்கி, மேசையில் மல்லாத்தி வைத்து, நட்டை அதற்குள் போட்டாள். அது ஒருமுறை உருண்டு நின்றது. காக்கிச் சுருளின் நாடாவை அவிழ்த்தாள். அவர் திருகுக்கு எடுக்கிற குட்டி ஸ்குரூ டிரைவர் எதுவென்று அவளுக்குத் தெரியும், கைப்பிடி உடைந்து நூல் சுற்றியது. அதைக் காரின் மட்காட்டின் மேல் வைத்தாள். யோசித்து, இன்னும் இரண்டு சாவிகளைப் பக்கத்தில் போட்டாள். எண்ணெய்த் துணியை எடுத்துக் கொஞ்சம் கசக்கிக் கீழே விட்டாள்.

வெளியே ரெங்கசாமி இருமினான்.

அவள் குசினிக்குள் ஏறிக் கதவைச் சாத்தினாள். ஜன்னலைச் சாத்த நேரமில்லை. செருப்புச் சத்தங்கள் கராஜுக்குள் வந்தன. மொஹிதீன் தாழ்ந்த குரலில் ஏதோ காட்டிக் காட்டிச் சொன்னார். பிறகு லெப்பையின் குரல் கேட்டது.

“இன்னா லில்லாஹி. வேலையில ஈந்த மனிசன். பாதியில கெடக்குதே எல்லாம்.” சற்றுப் பொறுத்து, “நானே தொழுவிக்கிறேன்,” என்றார்.

கூடத்தில் ஜனாஸாவைத் தூக்கிப்போகிற சந்தூக்கைக் கொண்டுவந்து வைக்கும் சத்தம் கேட்டது. றம்ஸியா வாசலுக்கு வந்து, முகம் பார்க்கக் கூப்பிடுறாங்க உம்மா என்றாள். குழந்தை அவள் தோளில் தூங்கிப்போயிருந்தது.

“வாரேன்,” என்றாள் ஸுலைஹா. “கைய கழுவிட்டு வாரேன்.”

செம்பில் தண்ணீர் எடுத்து ஊற்றினாள். சாம்பலைத் தொட்டுத் தேய்த்தாள். தேங்காய்த் தும்பால் தேய்த்தாள். கற்பூரம் போய்விட்டது. நகக்கண்ணில் இருந்த கறுப்புப் போகவில்லை. அவர்கள் இரண்டாந்தரம் கூப்பிட்டார்கள். அவள் இன்னொரு செம்பு தண்ணீர் ஊற்றினாள்.