ஈரம் பட்ட வில்லை

மனைவி அம்சவல்லி போனில் விஷயத்தைச் சொன்னதுமே வளவன் ஒரத்தநாட்டிலிருந்து பைக்கை எடுத்துவிட்டான். கல்யாணமான பிறகு அவள் இவ்வளவு சந்தோஷமாகப் பேசி அவன் கேட்டதில்லை.

தஞ்சாவூரில் ஒரு கல்லூரி ஆய்வகத்தில் அவளுக்கு வேலை. எரிவாயு மின்நிலையத்து டர்பைன் பிளேடுகள் சூடு தாங்குவதற்காக, பீங்கான் தூளைப் பிளாஸ்மாவில் உருக்கி அவற்றின் மேல் பீய்ச்சுவார்கள். அந்தப் பூச்சு சீக்கிரம் உரியாமல் இருக்க வழி தேடிக்கொண்டிருந்தாள். பூச்சு போட்ட உலோக வில்லைகளை உலையில் காய்ச்சுவதும் ஆறவிடுவதுமாக ஐப்பசி முழுக்கப் போனது. அன்று காலை ஒரு வில்லை பொத்தல் கீறல் இல்லாமல் வெளியே வந்திருந்தது.

வளவன் மழையில் தொப்பலாக நனைந்து வந்து நின்றான்.

"இதுவா?"

"எடுத்துப் பாருங்க, ஆறிடுச்சு."

குனிந்து எடுத்தான். தலைமுடியிலிருந்து ஒரு சொட்டு அதன்மேல் விழுந்தது. 'டிக்' என்று ஒரு சத்தம். வெள்ளைப் பூச்சு அப்பளம் மாதிரி முழுசாகக் கழன்று மேசையில் விழுந்தது.

அவன் வில்லையை மெதுவாக வைத்துவிட்டு வெளியே போய்விட்டான்.

கொஞ்ச நேரம் கழித்து சைக்கிள் கொட்டகையில் அவனைக் கண்டுபிடித்தாள். கண் சிவந்திருந்தது.

"உன் உழைப்பையெல்லாம் கெடுத்துட்டேன், அம்சா."

"எனக்கும் அழுகை வந்துச்சுங்க. ஆனா உங்க மேல கோவம் இல்ல. காய்ச்சக் காய்ச்ச உலோகத்துக்கும் பீங்கானுக்கும் நடுவுல துரு மாதிரி ஒரு படலம் வளருது. ஆறுனதும் அதுல இறுக்கம் ஏறிடும். அப்புறம் ஈரம் பட்டாப் போதும், விட்டுடும். நீங்க வரலன்னா இது நல்ல பூச்சுன்னே நான் சொல்லியிருப்பேன்."

"அப்ப என்ன செய்வே?"

"அந்தப் படலத்தை மெல்லிசா, சீரா வளர வைக்கணும். முதல்லேருந்துதான்."

அவன் தோளில் கிடந்த ஈரத் துண்டாலேயே அவள் முகத்தைத் துடைத்தான். முகம் இன்னும் நனைந்தது. இருவரும் சிரித்துவிட்டார்கள்.

அதன்பின் பீங்கானைப் பீய்ச்சுவதற்கு முன்பே, அதை உலோகத்தோடு பிடித்துவைக்க அடியில் போடும் ஒட்டுப்பூச்சைக் காற்றில்லாத உலையில் பக்குவப்படுத்திப் பார்த்தாள். உலையிலிருந்து வந்த வில்லைகளை நாள்கணக்கில் வைத்திருந்து, தண்ணீரிலும் நனைத்தாள். மார்கழியில் பாதி உரிந்தன. தையில் ஒன்றுக்கு மட்டும் ஓரம் பெயர்ந்தது. மற்றவை நின்றன.

"உள்ள வாங்க, பாருங்க" என்று எவ்வளவோ கூப்பிட்டாள். வளவன் வாசலைத் தாண்டவில்லை. அவள்தான் ஒரு வில்லையை எடுத்துவந்து அவன் உள்ளங்கையில் வைத்தாள். மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தான்.

சாயங்காலம் பைக்கில் வீடு திரும்பும்போது அவன் முதுகில் சாய்ந்தபடி கண் அசந்துவிட்டாள். முன்னால் அறுவடை மெஷின் ஒன்று சாலையை அடைத்தபடி ஊர்ந்தது. முந்த இடம் கிடைத்தும் வளவன் முந்தவில்லை. ஒரு கையால் அவள் கையைத் தன் வயிற்றோடு பிடித்துக்கொண்டு, மெஷின் பின்னாலேயே ஓட்டிப்போனான்.