கை நனைக்காமல் ஒரு டூர்

சம்பந்தம் பேசப் போகிற வீட்டில், பேச்சு முடிவாகும்வரை கை நனைக்கக் கூடாது. எங்கள் சனத்தில் இதற்கு மறுபேச்சே கிடையாது. தண்ணீர் குடிக்கலாமா, காபி குடிக்கலாமா என்று ஆளுக்கொரு சட்டம் சொல்வார்கள். சோற்றை மட்டும் தொடக் கூடாது. ஒரு வாய் உள்ளே போனால் சரி என்று தலையாட்டியதாக அர்த்தம். அதற்கப்புறம் பின்வாங்கினால் ஊரே காறித் துப்பும். அதனால்தான் அன்றைக்கு விடிவதற்குள் எழுந்து எல்லோருக்கும் புளிச்சோறும் தயிர்ச்சோறும் உருளைக்கிழங்கு வறுவலும் கட்டினேன். அந்தச் சம்பந்தத்தில் எனக்குத் துளிகூட இஷ்டமில்லை.

பையன் பெயர் கவின்ராஜ். மைசூரில் டிப்ளமோ படித்துவிட்டு, அப்பா செத்ததும் மஞ்சள் காட்டைப் பார்க்க ஊருக்குத் திரும்பியவனாம். ஊர் என்றால் மார்டள்ளிக்கும் மேலே, மலையில் ஏதோ ஒரு காட்டூர். நானே மார்டள்ளியில் பிறந்தவள். அந்த மலையைப் பற்றி எனக்கு யாரும் வகுப்பெடுக்க வேண்டாம். மழை பெய்தால் ரோடு இருக்காது, யானை இறங்கினால் காடு இருக்காது. என் மகள் அனுப்ரியா மைசூரிலேயே பிறந்து வளர்ந்து, ஒரு கம்பெனியில் அக்கவுண்ட்ஸ் பார்க்கிறவள். தமிழைவிடக் கன்னடம்தான் அவள் வாயில் சரளமாக வரும். அவளைக் கொண்டுபோய் அங்கே தள்ள எனக்கென்ன பைத்தியமா?

என் வீட்டுக்காரர் சுப்பையா, கட்டட மேஸ்திரி. சுவர் எழுப்புகிற மாதிரிதான் பேசுவார். அவசரமே கிடையாது, ஒவ்வொரு கல்லாக வைப்பார்.

"உனக்கு வேண்டாம்னா வேண்டாம் பஞ்சு. சும்மா ஒருநாள் டூர் மாதிரி போய்ட்டு வருவோம். ஏரி பாக்கலாம். மலைமேல வெந்நீர் ஊத்து இருக்குதாமா, உன்ற முட்டிவலிக்கு நல்லது. வர்ற வழியில அவுங்க ஊட்டையும் ஒரு எட்டுப் பாத்துட்டு வந்துரலாம்."

"பாக்கறது பாக்கறேனுங்க. கை நனைக்க மாட்டேன்."

"யாரு நனைக்கச் சொன்னா?" என்றார். முகத்தில் ஒரு சலனமும் இல்லை.

பக்கத்துத் தெரு உமேஷின் டாக்ஸியைப் பேசியிருந்தார். கன்னடக்காரப் பையன், எங்கள் வீட்டுப் பிள்ளை மாதிரி. "ஊட்டா ஆயிதா அக்கா?" என்று சிரித்துக்கொண்டே கதவைத் திறந்தான். "விடியக்காலையில என்னடா சாப்பாடு, வண்டிய எடு" என்றேன். கொள்ளேகால், ஹனூர் தாண்டியதும் மலை ஏறத் தொடங்கியது. ஏரியில் இறங்கினோம். நன்றாகத்தான் இருந்தது, பொய் சொல்வானேன். தண்ணீருக்கு நடுவே பட்ட மரங்கள், அதன்மேல் நீர்க்காகங்கள். சின்னச் சின்ன ஊர்களில் ரோட்டிலேயே அவரைக்காய் காயப் போட்டிருந்தார்கள். அனுப்ரியா மட்டும் ஒரு போட்டோகூட எடுக்கவில்லை. கண்ணாடி ஓரமாகச் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். இஷ்டமில்லாத இடத்துக்குக் கூட்டிப் போகிறோமே என்று மனசு சரியில்லை போல, பாவம் என்று நினைத்துக்கொண்டேன்.

வெந்நீர் ஊற்றுக்கு மேலே வண்டி நின்றபோது வெயில் உச்சிக்கு வந்துவிட்டது. டிக்கியைத் திறந்தால் சாப்பாட்டுப் பை இல்லை.

"அய்யய்யோ, கதவோரம் வெச்சேன், எடுக்க மறந்துட்டேன் பஞ்சு" என்றார் இவர்.

எனக்கு வந்த கோபத்துக்கு அந்த மலையையே புரட்டியிருப்பேன். இருட்டில் எழுந்து அடுப்படியில் வெந்தவள் நான். இவர் வெறுங்கையை வீசிக்கொண்டு வந்திருக்கிறார்! நன்றாகத் திட்டினேன். வழக்கம்போலத் தலையைக் குனிந்துகொண்டு நின்றார். "ஊட்டா இல்வா அக்கா?" என்று உமேஷ் வேறு பரிதாபமாகக் கேட்டான். அவனுக்கும் கிடைத்தது.

ஊற்றைச் சுற்றிக் கல் கட்டியிருந்தார்கள். பெண்கள் பக்கத்துக்குத் தகர மறைப்பு. முட்டை அழுகின மாதிரி ஒரு வாடை. தண்ணீரில் காலை வைத்ததும் சுரீர் என்றது. கொஞ்ச நேரத்தில் இதமாகிவிட்டது. அனுப்ரியாவைக் கூப்பிட்டேன். "பேடாம்மா, நான் வரல. நீ குளி" என்று கரையிலேயே உட்கார்ந்துகொண்டாள். இவ்வளவு தூரம் வந்து குளிக்காமல் போவாளாம், மகாராணி.

உள்ளே இன்னொரு பெண் குளித்துக்கொண்டிருந்தாள். என்னைவிடக் கொஞ்சம் மூத்தவள். நெற்றியில் பொட்டில்லை, கழுத்தில் ஒன்றுமில்லை. "முட்டிவலிங்களா அம்மணி? இப்படித் திரும்பி உக்காருங்க" என்று கேட்காமலேயே என் முதுகைத் தேய்த்துவிட ஆரம்பித்தாள். சுடுதண்ணீரும் அந்தக் கையும் சேர்ந்ததும் எனக்கு உடம்பும் இளகிவிட்டது, வாயும் இளகிவிட்டது.

"மாப்பிள்ளை ஊடு பாக்க வந்தமுங்க்கா. இந்த ஊர்ப் பக்கந்தான். எனக்கு இஷ்டமே இல்லீங்க. மனுசங்க குடியிருக்கற இடமா இது? படிச்ச பையன், டவுன்ல வேலை தேடாம இங்க வந்து மஞ்சக் கிழங்கு நோண்டறானாமா. அவங்கம்மாகாரி புடிச்சு வெச்சிருப்பா. தனியாக் கெடக்கறவ, வர்றவள வேலைக்காரியாட்ட ஆட்டி வெப்பா. இந்த மாதிரி மாமியாளுகளப் பத்தி எனக்குத் தெரியாதுங்களா?"

தேய்த்த கை நின்றது. "பொண்ணு பேரென்னுங்க?"

"அனுப்ரியா. அதோ கரையில உக்காந்திருக்கறா பாருங்க."

அந்தப் பெண் திரும்பி வெகுநேரம் பார்த்தாள். அப்புறம் முன்னைவிட அழுத்தித் தேய்த்தாள். "சொல்லுங்கம்மணி, மனசுல இருக்கறதெல்லாம் சொல்லிப் போடுங்க" என்றாள். சொன்னேன். ஒன்று விடாமல் சொன்னேன்.

குளித்துக் கரையேறினால் பசி காதை அடைத்தது. சுகருக்கு மாத்திரை சாப்பிடுகிறவள் நான். கை நடுங்க ஆரம்பித்துவிட்டது. "நம்ம ஊடு இதுதான், வாங்க" என்று அவள் ஊற்றுக்கு மேலேயே இருந்த ஓட்டு வீட்டுக்குக் கையைப் பிடித்துக் கூட்டிப் போனாள். சூடான ராகிக் களி, அவரைக்கொட்டைக் குழம்பு. ஒரு உருண்டை போனது தெரியவில்லை, இன்னொன்று கேட்டு வாங்கினேன். இவரும் அனுப்ரியாவும்கூட உட்கார்ந்தார்கள். உமேஷ் எதையும் கேட்காமல் நேராகப் பின்பக்கம் போய்க் கை கழுவிவிட்டு வந்தான். ஊற்று வீடாயிற்றே, எல்லோருக்கும் வழி தெரிந்திருக்கும் என்று விட்டுவிட்டேன்.

நான் குழம்பை வழித்துக்கொண்டிருந்தபோது வாசலில் பைக் வந்து நின்றது. உயரமாக ஒரு பையன் உள்ளே வந்தான். எங்கள் எல்லோரையும் பார்த்துவிட்டு, "அம்மா, சாப்பாடு போட்டுட்டயா?" என்றான்.

கவின்ராஜ்! போட்டோவில் பார்த்த அதே மூஞ்சி.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. தட்டில் கை அப்படியே நின்றுவிட்டது. கை நனைத்தாயிற்று! ஒரு வாயா, இரண்டு உருண்டை! அதைவிட, அந்த அம்மாவின் கையில் முதுகைக் கொடுத்துவிட்டு அவளையே அவ்வளவு பேச்சுப் பேசியிருக்கிறேன். பூமி பிளந்து என்னை விழுங்கியிருந்தால் சந்தோஷமாகப் போயிருப்பேன்.

"அடப்பாவி மனுசா!" என்று இவர்மேல் பாய்ந்தேன். "பையை வேணும்னே விட்டுட்டு வந்தீங்களா?"

இவர் தலையைக் குனிந்துகொண்டு இன்னொரு வாய் களியை உருட்டினார். அதுவே பதிலாகிவிட்டது.

அந்த அம்மா, பசம்மா, என் தட்டை வாங்கிக் கீழே வைத்தாள். "அவரத் திட்டாதீங்கம்மணி. பசிச்சவங்களுக்குப் போட்ட சோறு இது. இதச் சொல்லி உங்களக் கட்டிப் போட மாட்டேன். ஊத்துலயே நீங்க யாருன்னு தெரிஞ்சு போச்சு. நீங்க சொன்னதுல பாதி நெசந்தான். நானும் இவங்கிட்ட வேண்டாம்னுதான் சொல்லிட்டிருக்கறேன்."

எனக்குப் புரியவில்லை. வேண்டாம் என்று சொல்ல வந்தவள் நான். இவள் எதற்கு வேண்டாம் என்கிறாள்? என் மகளுக்கு என்ன குறை? அந்த நேரத்திலும் எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது.

"எனக்கொரு மக இருந்தா. மனிஷா" என்றாள் பசம்மா. "பிரசவத்துக்கு இங்கதான் வந்தா. மழைக்காலம். வலி எடுத்து ஜீப்புல ஏத்துனோம். பாதி மலையில சேத்துல சிக்கிக்கிச்சு. என்ற மடியிலதான் போனா. புள்ளையும் போச்சு. அதுக்கப்புறம் நான் அந்தப் பாதையில எறங்குனதே இல்ல. இன்னொருத்தி பெத்த பொண்ண இங்க கொண்டாந்து வெச்சு, மறுபடியும் அதப் பாக்க என்னால ஆகாதுங்க. கூட்டிட்டுப் போயிருங்க."

இவளையா ஆட்டி வைக்கிறவள் என்று சொன்னேன்?

அப்போதுதான் அனுப்ரியா எழுந்து போய் அந்தப் பையன் பக்கத்தில் நின்றாள். "அத்தை, இனி கூட்டிட்டுப் போக முடியாது" என்றாள். "இவர் மைசூர்ல படிச்சப்பவே எங்களுக்குப் பழக்கம். நாங்க கொள்ளேகால்ல ரிஜிஸ்டர் பண்ணிட்டோம். ரெண்டு அம்மாவும் ஒத்துக்கல, வேற என்ன பண்றது? ரெண்டு பேரும் ஒருத்தரையொருத்தர் பாத்தாச் சரியாப் போகும்னு அப்பாதான் இந்த டூர் போட்டாங்க."

"அப்பாவா?" என்றேன்.

"சாட்சிக் கையெழுத்தே அப்பாதாம்மா. உமேஷ் அண்ணா இன்னொண்ணு."

தலையில் இடி விழுந்த மாதிரி இருந்தது. பெற்றவள் நான் ஒருத்தி வீட்டில் குத்துக்கல்லாட்டம் இருக்கும்போது, என் மகள் கல்யாணத்துக்கு டாக்ஸிக்காரன் சாட்சி! அழுகையும் ஆத்திரமும் போட்டி போட்டுக்கொண்டு வந்தன. இத்தனை வருஷம் கத்தினேனே, அந்தக் கத்தலுக்குப் பயந்துதான் என்னிடம் சொல்லவில்லையா?

பசம்மா என்னைப் பார்க்கவில்லை. என் மகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். "ஏங்கண்ணு, நீ ஏன் ஊத்துல எறங்கல?" என்று கேட்டாள்.

அனுப்ரியாவின் கை தானாக வயிற்றுக்குப் போயிற்று.

"சாமீ!" என்று சுப்பையாவே சுவரைப் பிடித்துக்கொண்டார். இது அவருக்கும் தெரியாது. அவர் முகம் போன போக்கைப் பார்த்ததில் எனக்குக் கொஞ்சம் திருப்திகூட. ஆனால் பசம்மா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டு, "அந்தப் பாதையில இன்னொரு புள்ளைய நான் அனுப்ப மாட்டேன், என்னால ஆகாது, ஆகாது" என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தாள்.

அந்த அழுகையில் என் ஆத்திரம் எங்கே போனதென்று தெரியவில்லை. நானும் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"யாருங்க அனுப்பச் சொன்னது?" என்று அதட்டினேன். "தலைப்பிரசவம் பொறந்த ஊட்டுலதானுங்க. நான் இன்னும் உசுரோடதான இருக்கறேன்? இவ இன்னைக்கு என்கூட மைசூர் வர்றா. பெத்துப் பொழச்சு எந்திரிக்கறவரைக்கும் என்ற ஊட்டுலதான் இருப்பா. உங்க பையன் வேணும்னா வந்து வந்து பாத்துக்கட்டும். அவங்கிட்ட நான் பேசறதா வேண்டாமான்னு இன்னும் முடிவு பண்ணல."

கவின்ராஜ் தலையை நிமிர்த்தவே இல்லை.

"நீங்களும் அப்ப வந்து கூட இருக்கோணும்" என்றேன் அவளிடம்.

பசம்மா தன் வெறும் கழுத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். "நானா? நான் போய் நின்னா ஆகுமுங்களா அம்மணி? புருசனத் தின்னவ, மகளயும் மடியில வாரிக் குடுத்தவ. என்ற கை பட வேண்டாமுங்க."

கொஞ்ச நேரத்துக்கு முன்னால் என் முதுகைத் தேய்த்துவிட்ட கை. என் வாய்க்குத் தெரிந்ததைச் சொன்னேன்.

"ஊத்துல நான் அத்தனை பேச்சுப் பேசியிருக்கறேன், பதிலுக்கு நீங்க ஒண்ணும் சொல்லல. அதையெல்லாம் திருப்பிப் பேச வேண்டாமுங்களா? அதுக்காச்சும் வந்து சேருங்க."

அழுதுகொண்டே சிரித்தாள். "எப்பங்க வரட்டும்?" என்று கேட்டாள்.